லேசான சிவப்பு ஒயினும் எங்க ஆயாவோட படிக்கமும்



நெல்லு, ஏரி, மாடுன்னு எழுதிட்டு இருந்தவன் இந்தத் தடவை ஒயின் பத்தி எழுதப் போறேன். தலைப்பைப் பாத்து யாரும் பயப்பட வேணாம். எனக்கு வயசு 56. இன்னிக்கு வரைக்கும் சாராயமோ பீரோ ஒயினோ ஒரு சொட்டு என் தொண்டைக்குள்ள இறங்கினது இல்ல. ஆனா போன ஒன்றரை வருஷத்துல எட்டு பாட்டில் சிவப்பு ஒயினை வாயில வெச்சுப் பாத்து, இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு ஓரளவு சொல்ற அளவுக்கு வந்துட்டேன். அது எப்படி முடியும்னு கேக்கறீங்களா? படிங்க.

நம்ம பக்கம் வராதவங்களுக்காக ஒரு வார்த்தை. 1998-ல இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாய் காரு செய்ய ஆரம்பிச்சாங்க. 2000-ல ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட் கோபைன் கண்ணாடி வந்துச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான், 2012-ல டைம்லர் லாரி. கொரியாக்காரங்க, ஜப்பான்காரங்க, ஜெர்மன்காரங்க, பிரான்சுக்காரங்கன்னு எல்லாரும் இந்த ரோட்டுல போறாங்க வர்றாங்க. மல்லாட்டை போட்ட மேட்டு நிலமெல்லாம் மனை ஆயிடுச்சு. மிச்சம் இருக்கிற எங்களை மாதிரி ஆளுங்க வீட்டு மேல ஒரு மாடி எடுத்து வாடகைக்கு விட்டிருக்கோம். ஒரு போகம் நெல்லு குடுக்காத காசை அந்த மாடி குடுக்குது, அதை ஒத்துக்கத்தான் வேணும்.

எங்க மாடிக்குக் குடி வந்தவரு புதுச்சேரிக்காரரு. நாப்பது வயசு இருக்கும். தமிழருதான், ஆனா அவங்க தாத்தா காலத்துல இருந்து பிரெஞ்சுக் குடியுரிமை. அக்கா குடும்பம் பிரான்சுல இருக்கு. ஒரு கம்பெனில மெஷின் சம்பந்தமான வேலை. வீடு பாக்க வந்த அன்னிக்கே நேரா சொல்லிட்டாரு: "அண்ணே, ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ் ஒயின் சாப்பிடுவேன். அதுக்கு மேல கிடையாது. உங்களுக்கு ஆவாதுன்னா சொல்லிடுங்க, வேற வீடு பாத்துக்கறேன்."

நான் உடனே பதில் சொல்லல. ஏன்னா எங்க வீட்டுல என் தம்பி பொண்டாட்டி இருக்குது.

பழைய வாசகருங்களுக்குச் சின்னவனைப் பத்தித் தெரியும். என்னை விட அஞ்சு வயசு சின்னவன். 2007-ல நிலம் நல்ல விலை போன நேரத்துல அவன் பங்கு 90 சென்டை மனைக்காரங்களுக்கு வித்தான். கை நிறைய காசு, காலைல எழுந்தா போறதுக்குக் கழனி இல்ல. ரோட்டோரக் கடை பக்கத்துலயே இருந்துச்சு. முதல்ல பொழுது போன பிறகு, அப்புறம் மத்தியானம், அப்புறம் காலைல பல்லு விளக்கறதுக்கு முன்னாடி. எட்டு வருஷத்துல கல்லீரல் போய் 41 வயசுல செத்தான். அந்த எட்டு வருஷமும் அந்தப் பொண்ணு பட்டது எல்லாத்தையும் இங்க எழுத மாட்டேன். காரியம் முடிஞ்ச அன்னிக்கு அது முன்னாடி நின்னு நான் சொன்னது ஒண்ணுதான்: "என் தொண்டைக்குள்ள அந்தத் தண்ணி இறங்காதும்மா."

அதனால மாடி வீட்டு விஷயத்தை அதுகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் முறத்துல அரிசியைப் புடைச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சொல்லிச்சு: "என் மூக்குக்கு எட்டாம இருந்தா சரி மாமா. ஆளு உண்மையைச் சொல்லிட்டாரு இல்ல." அதுக்கப்புறம்தான் சாவி குடுத்தேன்.

ஆறு மாசம் ஒரு சத்தம் இல்ல. அப்புறம் பாத்தா என் பையன் சனிக்கிழமை ராத்திரி மாடி ஏறி ஏறிப் போறான். அவனுக்கு 25 வயசு, ஷிப்டு வேலை. கூட்டாளிங்களோட சேந்து கடைக்குப் போறான்னு எனக்கு ஏற்கெனவே தெரியும். சட்டைல வர்ற வாசனை அப்பனுக்குத் தெரியாதா? இப்ப வீட்டு மேலயே ஆரம்பிச்சுட்டானேன்னு ஒரு நாள் நானும் ஏறினேன்.

அங்க பாத்தா ரெண்டு பேரும் கிளாஸுக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. குடிக்கிறாங்களா மோந்து பாக்கறாங்களான்னே தெரியல. ஆளுக்கு நாலு விரக்கடை கூட இல்ல கிளாஸுல. சண்டை போட ஏறினவன் என்னய்யா இதுன்னு கேட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்.

புதுச்சேரிக்காரரு சொன்னாரு, ஒயினைச் சுவை பாக்கறதே தொழிலா வெச்சிருக்கவங்க ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது ஒயின் கூட பாப்பாங்களாம். எல்லாத்தையும் முழுங்கினா ஆளு மிஞ்சுமா? வாயில வெச்சு, நாக்கு முழுக்கப் பரவ விட்டு, துப்பிடுவாங்க. துப்பறதுக்குன்னு பாத்திரமே வெச்சிருப்பாங்களாம். "அண்ணே, ருசி எல்லாம் நாக்குலயும் மூக்குலயும் இருக்கு. தொண்டைக்குக் கீழ இருக்கிறது போதை மட்டும்தான்"னாரு.

அந்த வார்த்தை எனக்குப் புடிச்சுது. கீழ வந்து பரண் மேல கிடந்த எங்க ஆயாவோட பித்தளைப் படிக்கத்தை எடுத்தேன். ஆயா வெத்தலை துப்பினது. புளி போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டுப் போய், நானும் ஒரு மிடறு வாயில வெச்சுப் பாத்துட்டு அதுல துப்பினேன். தம்பி பொண்டாட்டிகிட்ட மறுநாளே சொல்லிட்டேன். அது சிரிச்சுக்கிட்டே, "படிக்கத்தை நீங்களே கழுவுங்க, அக்கா தலைல கட்டாதீங்க"ன்னுச்சு. அப்படி ஆரம்பிச்சதுதான் இது.

இப்ப ஒயின் விஷயத்துக்கு வர்றேன்.

ஒயின்ல இருக்கிற சூட்சுமம் கள்ளுல இருக்கிறதேதான். பனைல கலயம் கட்டும்போது உள்ள சுண்ணாம்பு தடவினா பதநீரு, தடவாம விட்டா பொழுது ஏறறதுக்குள்ள கள்ளு. காத்துலயும் கலயத்துலயும் இருக்கிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு சாராயமா மாத்துது. நான் பள்ளிக்கூடம் போன காலத்துல, 1981-ல இருந்து 86 கடைசி வரைக்கும், கள்ளுக்கடை திறந்திருந்துச்சு. 1987 ஜனவரி 1-ந் தேதி மூடினாங்க. அந்த வாசனை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. திராட்சைலயும் நடக்கிறது இதேதான். பழத்துச் சர்க்கரை அதிகம், அதனால சாராய அளவு நூத்துக்குப் பன்னெண்டு, பதிமூணு வரைக்கும் ஏறிடும்.

சிவப்பு எங்க இருந்து வருது? கறுப்புத் திராட்சையை உரிச்சுப் பாருங்க, உள்ள சதை வெள்ளையாத்தான் இருக்கும். நிறம் தோலுல இருக்கு. நசுக்கின சாறோட தோலையும் சேத்து ஊறப் போடறதாலதான் சிவப்பு ஒயின். நாலு அஞ்சு நாள்ல தோலைப் பிரிச்சுட்டா நிறமும் குறைவு, துவர்ப்பும் குறைவு. ரெண்டு மூணு வாரம் ஊறினா மை மாதிரி ஆயிடும். தோலு மெல்லிசா இருக்கிற ரகமா இருந்தா எவ்வளவு ஊறினாலும் ஓரளவுக்குத்தான் இறங்கும்.

வெளிநாட்டுக்காரங்க டானின்னு சொல்றதைப் புரிய வைக்க அவரு பாவம் அரை மணி நேரம் பாடுபட்டாரு. நான் ஒரே வார்த்தைல சொன்னேன்: துவர்ப்பு. அறுசுவைல ஒண்ணு, நமக்குச் சின்ன வயசுலயே தெரிஞ்சது. இளம் பாக்கை மென்னா வாய் இழுத்துப் புடிக்குமே, கடுக்காயை நாக்குல வெச்சா ஈரமெல்லாம் வத்திப் போகுமே, அதுதான். கனமான சிவப்பு ஒயின்னா கடுக்கா பக்கம். லேசான சிவப்பு ஒயின்னா நாவப்பழம் பக்கம். நாவப்பழம் தின்னு முடிச்ச பிறகு நாக்கு ஊதாவாகி கொஞ்சம் சொரசொரன்னு இருக்குமே, அதுல பாதி. இதைச் சொன்னதும் அவரு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டாரு.

முதல்ல பாத்தது போஜொலே. பிரான்சுல லியோன் ஊருக்கு வடக்க இருக்கிற பகுதி. ரகம் பேரு கமே. இந்தக் கமேவுக்கு ஒரு கதை இருக்கு. 1395-ல பர்கண்டி நாட்டுப் பிரபு ஃபிலிப்னு ஒருத்தரு, இது மட்டமான செடி, எல்லாத்தையும் புடுங்கி எறியணும்னு உத்தரவு போட்டாராம். குடியானவங்களுக்கு அந்த ரகம் புடிச்சிருந்துச்சு, ஏன்னா சீக்கிரம் பழுக்கும், நிறைய காய்க்கும். பிரபுவுக்கு அவரு ஊரு ஒயின் பேரு கெட்டுடக் கூடாதுன்னு கவலை. விளைச்சல் பெருசா தரம் பெருசான்னு நம்ம ஊருல ஐ.ஆர்.8 வந்தப்ப அடிச்சுக்கிட்டாங்களே, அதே சண்டை ஐந்நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே அங்க நடந்திருக்கு. விரட்டின செடி தெற்க போய் கருங்கல் மண்ணுல நல்லா வந்துச்சு. வேண்டாம்னு சொன்ன ரகத்துக்கும் ஏத்த மண்ணு எங்கயோ இருக்கு பாருங்க.

போஜொலேல இன்னொரு வித்தை. கொத்தை நசுக்காம முழுசா தொட்டிக்குள்ள போட்டு மூடிடறாங்க. உள்ள கரியமில வாயு நிரம்பி, பழம் தோலுக்குள்ளயே புளிக்க ஆரம்பிக்குது. அதனால துவர்ப்பு ரொம்பக் கம்மி, வாசனை ஜாஸ்தி. முதல் தடவை மோந்து பாத்தப்ப பழுத்த வாழப்பழ வாசனை அடிச்சுது. எனக்குத்தான் மூக்கு கெட்டுப் போச்சோன்னு நினைச்சேன். இல்லண்ணே, அதுதான் அடையாளம்னாரு. அறுவடை ஆன கொஞ்ச வாரத்துலயே குடிக்கிற புது ஒயினும் அங்க உண்டு. நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வெளிய விடுவாங்க, உலகம் பூரா கொண்டாடறாங்க. நமக்குத் தைல புது அரிசிப் பொங்கல் மாதிரி.

ரெண்டாவது, பினோ நுவார். அந்தப் பிரபு காப்பாத்தணும்னு நினைச்ச ரகம் இதுதான். தோலு மெல்லிசு, சீக்கிரம் நோவு புடிக்கும், மழை வந்தா அழுகிடும், விவசாயி உயிரை வாங்கற பயிரு. விலையும் அதுக்கேத்த மாதிரி. நிறத்தைப் பாத்தா மாதுளைச் சாறு, கிளாஸு பின்னாடி விரலை வெச்சா ரேகை தெரியும். வாசனை மட்டும் வேற. கோடைல முதல் மழை விழுந்ததும் கழனில எழும்புமே, அந்த மண்ணு வாசனை. நான் அதை ரொம்ப நேரம் வாயிலயே வெச்சிருந்தேன். பையன், "அப்பா, துப்பிடுவீங்க இல்ல?"ன்னு கேட்டான். துப்பினேன்.

மூணாவது இத்தாலி சரக்கு, லாம்ப்ருஸ்கோ. மூடியைத் திறந்ததும் சிவப்பா நுரை பொங்குது. கோலி சோடா மாதிரி நாக்குல சுருக்குங்குது. இனிப்பு வகையும் உண்டு, இனிப்பு இல்லாததும் உண்டாம். எங்களுக்குக் கிடைச்சது இனிப்பு இல்லாதது. அந்த ஊருல பன்னிக்கறி மாதிரி கொழுப்புச் சாப்பாட்டோட குடிக்கிறாங்களாம். கொழுப்பை வெட்ட நம்ம ரசம் எப்படியோ அப்படி.

இந்த ஒயினுங்களை ரொம்பக் குளிர வைக்கவும் கூடாது, நம்ம ஊரு வெயில்ல வெளிய வைக்கவும் கூடாது. 12-ல இருந்து 14 டிகிரி சரியா இருக்கும். ஒரு சித்திரை மாசம் கரண்டு போயி பிரிட்ஜு நின்னப்ப, பாட்டிலுக்கு ஈரத் துணி சுத்தி மண்பானைத் தண்ணில வெச்சுக் குடுத்தேன். அவ்வளவு குளிரு வரல, ஆனா ஒப்பேத்திட்டோம்.

நாலாவது ரகம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டுது. இத்தாலியோட வடக்குப் பக்க மலை ஓரத்துல ஸ்கியாவான்னு ஒரு திராட்சை. வெளிறின சிவப்பு, துவர்ப்பு இல்லவே இல்லன்னு சொல்லலாம். அவரு போன்ல அந்தத் தோட்டம் படத்தைக் காட்டினாரு. தலைக்கு மேல பந்தல், பந்தல்ல கொடி, கீழ கொத்துக் கொத்தாத் தொங்குது. "இது கம்பம் ஆச்சே"ன்னேன்.

2024-ல வேளாண்மைத் துறை கண்டுணர் சுற்றுலால எங்களைத் தேனிப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஊரு ஊரா பன்னீர் திராட்சைப் பந்தல். ஆனைமலையன்பட்டில வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கு. முல்லைப் பெரியாத்துத் தண்ணி, அந்தத் தட்பவெப்பம், வருஷம் பூரா எங்கயாவது ஒரு தோட்டத்துல அறுப்பு நடக்குது. 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் குடுத்துட்டாங்க. தமிழ்நாட்டுக்குத் திராட்சைக் கொடியை 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரு கொண்டாந்தாருன்னு சொல்றாங்க.

இந்தப் பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டுல மஸ்கட் ஹாம்பர்க்னு பேரு. அதோட தாய் தகப்பன் யாருன்னு மரபணு பாத்துச் சொல்லியிருக்காங்க: ஒண்ணு மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, இன்னொண்ணு ஸ்கியாவா குரோஸா. அதாவது அந்த மலை ஓரத்துப் பந்தல்ல தொங்கற ஸ்கியாவாக் குடும்பத்துப் பிள்ளைதான் நம்ம கோயம்பேட்டுல வண்டி வண்டியா வந்து இறங்கற பன்னீர் திராட்சை. அதே ஸ்கியாவாக் கொடி ஒண்ணு இங்கிலாந்துல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைல 1768-ல நட்டது, இன்னிக்கும் காய்க்குது. தலைமுறை தலைமுறையா ஒரே கொடி! பன்னீர் வாசனை மஸ்கட் பக்கத்துச் சொத்து, மெல்லிசு நிறம் ஸ்கியாவா பக்கத்துச் சொத்துன்னு நானா கணக்குப் போட்டுக்கிட்டேன்.

பன்னீர் திராட்சைல ஒயினும் ஆகும். சென்னைல ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள்ல கிறிஸ்துமஸுக்கு இதை வெச்சுத்தான் வீட்டு ஒயின் போடற வழக்கம் ரொம்ப நாளா உண்டு. லைசென்ஸ் இல்லாம போடறது 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குத்தம், அதனால செய்முறை எல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. கம்பத்து விவசாயிங்க ஒயின் ஆலை வேணும்னு ரொம்ப நாளா கேக்கறாங்க. மழைல பழம் வெடிச்சா சந்தைல சீந்த ஆளில்ல, சாறு பிழியற இடம் இருந்தா அதுவும் காசாகும்னு அவங்க நியாயம். மகாராஷ்டிராவுல 2001-லேயே திராட்சை ஒயினுக்குன்னு தனிக் கொள்கை போட்டாங்க, நாசிக் பக்கம் ஆலைங்க பெருகிடுச்சு. ஒரு விவசாயியா எனக்கு அந்த நியாயம் புரியுது. என் வீட்டுத் திண்ணைல உக்காந்திருக்கிற பொண்ணையும் நான் பாக்கணும். ரெண்டையும் ஒரே தராசுல வெக்க எனக்கு இன்னும் வரல.

இந்த ஒயின் எல்லாம் பாத்ததுல என் மனசைக் குத்தினது ருசி இல்ல, பாட்டில் மேல ஒட்டியிருக்கிற காகிதம்.

போஜொலேல பத்து இடம் இருக்கு. ஃப்ளூரி, மோர்கோன், மூலான் அ வான், இப்படி. அந்த இடத்துல விளைஞ்சா அந்த இடத்துப் பேரைத்தான் பெருசா போடுவாங்க. ஃப்ளூரில இளஞ்சிவப்புக் கருங்கல் மணலு, ஒயின் பூ மாதிரி இருக்கும். மோர்கோன்ல மக்கின பாறை மண்ணு, ஒயின் கொஞ்சம் அழுத்தம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், எனக்கே தெரிஞ்சுது. ரகம் ஒண்ணு, ஊரு பக்கத்து ஊரு, மண்ணு வேற, ருசி வேற. இது எங்க அப்பாவுக்கும் தெரியும். ஏரிக்குக் கீழ மடைப் பக்கத்துக் களிமண்ணுல விளைஞ்ச நெல்லுச் சோறு வேற, மேட்டுச் செம்மண்ணுல விளைஞ்சது வேறன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாரு. ஆனா அதை யாரும் எழுதி ஒட்டி வெக்கல. மூட்டை கட்டி கொள்முதல் நிலையத்துல இறக்கினா எல்லா நெல்லும் ஒரே நெல்லு.

வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம். இந்தப் பேருங்களை இன்னிக்கு இன்டர்நெட்ல தேடிப் பாருங்க. தொழிற்பூங்கா, பேஸ் ஒண்ணு, பேஸ் ரெண்டுன்னு வரும். அந்தப் பேருல ஒரு காலத்துல நெல்லு விளைஞ்சுதுன்னு பத்து வருஷம் கழிச்சு யாருக்குத் தெரியும்? நான் கம்பெனிங்களைத் திட்டறதுக்கு இதை எழுதல. என் பையன் சோறு அங்க இருந்துதான் வருது. ஆனா ஊரு பேருன்னு ஒண்ணு மண்ணுக்குச் சொந்தம், அதுல விளையறதுக்கும் சொந்தம்னு அந்தக் காகிதத்தைப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

போன தை மாசம் பையனுக்கு நிச்சயதார்த்தம். அவன் கூட வேலை செய்யறவங்க இருபது பேரு வருவாங்க, மாடில தனியா ஒரு மேசை போட்டு ரெண்டு மூணு பாட்டில் ஒயின் வெக்கலாம்ப்பான்னான். "நீங்களே பாத்திருக்கீங்க. பிராந்தியா, விஸ்கியா? லேசானதுதானே."

அந்த "லேசானது"ங்கிற வார்த்தைலதான் எல்லாமே இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கு ராத்திரி ஒரு கணக்கு வாத்தியாரு வேலை நடந்துச்சு. கடைல விக்கிற குவார்ட்டர் 180 மில்லி. சாராய அளவு நூத்துக்கு 42.8. பெருக்கிப் பாத்தா சுத்தச் சாராயம் 77 மில்லி. ஒரு ஒயின் பாட்டில் 750 மில்லி, நூத்துக்குப் 12. அதுல 90 மில்லி. அப்ப ஒரு முழு பாட்டில் ஒயின் ஒரு குவார்ட்டரைத் தாண்டிடுது. 100 மில்லி கிளாஸு ஒண்ணுன்னா 12 மில்லி, குவார்ட்டர்ல ஆறுல ஒரு பங்கு கூட இல்ல. அதனால மாடி வீட்டுக்காரரு ராத்திரி ஒரு கிளாஸோட நிறுத்தறது ஒரு கணக்கு. மேசைல பாட்டிலை வெச்சுட்டு எடுத்துக்கோங்கன்னு சொல்றது வேற கணக்கு.

இன்னொண்ணு. லேசான சிவப்பு ஒயினுக்கும் கனமான சிவப்பு ஒயினுக்கும் சாராய அளவுல பெரிய வித்தியாசமே கிடையாது. இது பன்னெண்டு பதிமூணுன்னா அது பதிமூணரை பதினாலு. லேசுன்னு சொல்றது நிறத்துலயும் துவர்ப்புலயும்தான். நாக்குக்கு லேசு, ஈரலுக்கு இல்ல. சொல்லப் போனா துவர்ப்பு இருந்தா நாக்காவது போதும்னு சொல்லும். இது வழவழன்னு இறங்கிடும். உலக சுகாதார நிறுவனமும் 2023-ல சொல்லிடுச்சு, மதுல இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு.

பையன் கணக்கை ஒத்துக்கிட்டான், மனசுல ஒத்துக்கல. "எல்லாரும் சித்தப்பா ஆயிடுவாங்களா?"ன்னான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் சித்தி பாத்திரம் கழுவிட்டு இருந்துச்சு. கழுவற சத்தம் நின்னு போச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு கையைத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்து சொல்லிச்சு: "எல்லாரும் ஆவ மாட்டாங்கப்பா. யாரு ஆவாங்கன்னு முன்னாடியே தெரியாது, அவ்வளவுதான். உங்க சித்தப்பாவும் முத வருஷம் ரெண்டு கிளாஸோட எழுந்து வந்தவருதான்." கோவமா சொல்லல. பால் கணக்கு சொல்ற மாதிரி சொல்லிட்டு உள்ள போயிடுச்சு.

நிச்சயதார்த்தத்துல பாட்டில் வெக்கல. பன்னீர் திராட்சை இருபது கிலோ வாங்கி, விதையை எடுத்து, சாறு பிழிஞ்சு, இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்டுக் குடுத்தோம். மாடி வீட்டுக்காரருதான் நின்னு பிழிஞ்சாரு, தோலைச் சாறோட எவ்வளவு நேரம் விட்டா நிறம் இறங்கும்னு அவருக்குத்தானே தெரியும். பையன் ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசல. அவன் கடைக்குப் போறதை அடியோட விட்டுட்டான்னு சொன்னா நம்பாதீங்க, நானும் சொல்ல மாட்டேன். முன்னைக்குக் குறைஞ்சிருக்கு. ஒரு தடவை அவனாவே வந்து, "கடை சரக்குல மோந்து பாக்க ஒண்ணுமே இல்லப்பா, எரிச்சல்தான் இருக்கு"ன்னான். மோந்து பாக்கக் கத்துக்கிட்டவன் அவசரமா ஊத்திக்க மாட்டான்னு மாடி வீட்டுக்காரரு நம்பறாரு. அவன் சித்தி நம்பல. நான் ரெண்டு பேரு சொல்றதையும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

என் பங்குக்கு நான் ஒண்ணு செஞ்சேன். மிச்சம் இருக்கிற ஒண்ணரை ஏக்கரை ஒரு புரோக்கரு மூணு வருஷமா கேட்டுட்டு இருக்காரு. இந்த சம்பாவுல அதுல தூயமல்லி போட்டிருந்தேன். வழக்கம் போல மொத்தத்தையும் மூட்டையா இறக்காம, பாதியை அரைச்சு பத்து கிலோ பை போட்டேன். பை மேல ஊரு பேரு பெருசா, அதுக்குக் கீழ "ஏரிக்கீழ் களிமண், மடை இரண்டு"ன்னு அச்சடிச்சேன். அச்சாபீஸ்காரரு இது எதுக்குங்கன்னாரு. மண்ணு பேருங்கன்னேன். அறுபது பை போட்டது, பையனோட கம்பெனி ஆளுங்களும் மாடி வீட்டுக்காரரோட கூட்டாளிங்களும் வாங்கினது போக, இப்ப பதினொண்ணு மீதி இருக்கு. ஒரு கொரியாக்காரரு ரெண்டாவது தடவை வந்து "மடை இரண்டு"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு.

நவரை நாத்து பறிக்க நாளைக்கு ஆளு வருது. அது முடிஞ்சதும் மேட்டு மண்ணுல கொஞ்சம் தூயமல்லி போட்டு ருசி மாறுதான்னு பாக்கறது பத்தி எழுதறேன். வர்றேன்.